தூக்கிவிட்ட கைகள்

"எவன்யா கம்ப்ளைன்ட் குடுத்தது? ஆம்பளையா இருந்தா எழுந்து நின்னு சொல்லு!"

புருஷோத்தமன் போட்ட சத்தம் பேருந்தின் கடைசி சீட்டு வரை கேட்டது. மின்சார வண்டி. எஞ்சின் இரைச்சல்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பரசுராமன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டியை எடுக்கும்போதுதான் 'வழித்துணை'யிலிருந்து செல்போனில் தகவல் வந்தது. தொழிற்சாலை ஆட்களுக்குச் செயலி வழியாகப் பேருந்து விடும் நிறுவனம் அது. 'உங்கள் மீது பயணி ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை நாளை முதல் வண்டி எடுக்க வேண்டாம்.' என்ன புகார், யார் கொடுத்தது, எதுவும் இல்லை.

மனசு ஆறாமல், தினமும் அதே வண்டியில் வேலைக்குப் போகும் புருஷோத்தமனிடம் காட்டிவிட்டான். இருவருக்கும் மண்ணூர்தான் ஊர். அவன் சும்மா விடுவானா?

"இந்த மனுசன் மேல கம்ப்ளைன்ட் குடுக்க எப்டியா மனசு வந்துச்சு? அந்தப் பொண்ண டெய்லி தன் கையால தூக்கியாந்து உக்கார வெக்கிறாரு. எவன் செய்வான்?"

எல்லோர் பார்வையும் முன்சீட்டில் இருந்த பூமாரியின் மேல் விழுந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இரண்டு காலும் வராது. கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ள அந்த வண்டியில் சாய்வுப் பலகை உண்டு. 'புகையில்லாப் பயணம், எல்லோருக்கும் இடம்' என்று வெளியே பெரிதாக எழுதியும் இருந்தது. ஆனால் பலகை இறங்காமல் மாட்டிக்கொண்டு பல வாரமாயிற்று. பரசுராமன் சொல்லிப் பார்த்தான். சரிசெய்ய ஆள் வரவில்லை. அவனே பூமாரியைத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தான். நாற்காலியைப் புருஷோத்தமன் மடக்கி ஏற்றுவான்.

அதை யாரோ படமெடுத்து அனுப்ப, 'எங்கள் ஓட்டுநரின் அன்பு' என்று நிறுவனம் தன் பக்கத்தில் போட்டது. பாராட்டு குவிந்தது. பரசுராமனின் மனைவி செங்கமலம் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினாள். பலகையைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

"யாருன்னு எனக்குத் தெரியும்," என்று பின்பக்கம் திரும்பினான் புருஷோத்தமன். "டேய் மாரிராஜ்! நீதான அன்னிக்கு, இவள ஏத்துறதால லேட்டாவுதுன்னு மூஞ்சத் தூக்கி வெச்சுகினு இருந்த?"

மாரிராஜ் எழுந்தான். கோவில்பட்டிக்காரன். காண்டிராக்ட் தொழிலாளி.

"லேட்டாகுதுன்னு சொன்னது நெசந்தாண்ணே. அதுக்காக ஒரு மனுசன் பொழப்புல மண்ணள்ளிப் போடுவனா? சத்தியமாச் சொல்லுதேன், நான் இல்ல."

"அப்ப போன எட்றா. 'வழித்துணை' ஆப்பத் தொறந்து காட்டு."

"எம் போன நான் எதுக்கு உங்களுக்குக் காட்டணும்?"

அது போதுமானதாக இருந்தது. நாலைந்து பேர் எழுந்து அவனைச் சூழ்ந்தார்கள். ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"இன்னா தெனாவெட்டு பாரு இவனுக்கு!"

பரசுராமன் கண்ணாடியில் பார்த்தான். பூமாரி முன்கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். உதடு துடித்தது. நமக்காக இந்தப் பொண்ணு இப்படித் தவிக்கிறதே என்று நினைத்தான். பின்னாலேயே ஆத்திரம் பொங்கி வந்தது. யாருக்கு என்ன கெடுதல் செய்தான் அவன்? நாளைக்கு வண்டி இல்லையென்றால் செங்கமலத்திடம் என்ன சொல்வது?

பிரேக்கை மிதித்தான். வண்டி சாலையோரம் நின்றது. கதவைத் திறந்தான்.

"எறங்குடா."

மாரிராஜுக்கு முகம் வெளிறியது. "அண்ணே, இங்கன எறக்கிவிட்டா நான் எப்படிப் போவேன்? ஏற்கெனவே வார்னிங் வாங்கியிருக்கேன். இன்னைக்கு உள்ள போகலைன்னா வேலையவிட்டுத் தூக்கிருவாங்கண்ணே."

"என் வேலையில கை வெச்சியே, அப்ப தெரில? எனக்கு மட்டும் வூடு வாசல் இல்லியா? எறங்கு!"

மாரிராஜ் எல்லோர் முகத்தையும் பார்த்தான். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ தள்ள, தடுமாறியபடி படிக்கு வந்தான். வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டு உரசினாற்போல் போனது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தான்.

"நிறுத்துங்க!"

கத்தியது பூமாரி. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பாத்தியாடா, இந்தப் பொண்ணுக்கு இருக்குற எரக்கம்கூட உனக்கு இல்ல," என்றான் புருஷோத்தமன். "நீ சும்மா இரும்மா. இவனுக்கெல்லாம் பாவம் பாக்காத."

பரசுராமன் சீட்டிலிருந்து எழுந்து அவள் பக்கம் திரும்பினான். குரலைத் தணித்துக்கொண்டான். "இன்னாம்மா? இவன வுட்டுடச் சொல்றியா?"

"அவரு எந்தத் தப்பும் செய்யலண்ணே. 'இனிமே தூக்கி ஏத்த வேண்டாம், பலகையச் சரி பண்ணுங்க'ன்னுதான் கம்பெனிக்கு எழுதுனது. அவங்க பலகைய விட்டுட்டு உங்களப் புடிச்சிக்கிட்டாங்க."

"அதெல்லாம் உனக்கு எப்டித் தெரியும்?"

பூமாரி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"எழுதுனதே நாந்தாண்ணே. தெனமும் இத்தன பேரு பாக்க என்னையத் தூக்குறீங்களே, தூக்கட்டுமான்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?"