ஒத்த டிக்கெட்

விவாகரத்துக்கு முன் கணவன் ஒளித்துவைத்த சொத்தைத் தோண்டியெடுக்கத்தான் இன்பவல்லி ஆடிட்டர் நசீமாவை அமர்த்தினாள். அவனுடைய வங்கிக் கணக்கையெல்லாம் துருவி முடித்த நசீமாவோ எதையோ நினைத்துச் சிரித்தாள்.

"சொத்து ஒண்ணும் சிக்கல மேடம். ஆனா மழை பெஞ்ச நாள்லெல்லாம் சார் ஆபீஸ விட்டுட்டு சினிமாவுக்குப் போயிருக்கார். ஒத்த டிக்கெட், ஒரு முறுக்கு."

"அவருக்கு சினிமாவே ஆகாது."

"யார் சொன்னா? அழுவாச்சிப் படம்னா ரெண்டு தடவை போவார்."

பதினொரு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவன் முகத்தைக்கூடப் பார்த்திராதவள் 'போவார்' என்கிறாள், என்ன உரிமை!

ஃபைலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"போதும். இனிமே அவரை நானே பாத்துக்கறேன்."

ஆட்டோவில் ஏறியதும் தூறல் விழுந்தது. எந்தத் தியேட்டர் என்று அவசர அவசரமாக ஃபைலைப் புரட்டினாள்.