முப்பது ஓடும் தம்பி

ஊர் எல்லை பெட்ரோல் பங்க்கில் ஒரு வாயாடிப் பம்ப் இருந்தது. ஒருநாள் அதன் முன்னால் புத்தம்புதுக் கார் ஒன்று பளபளவென்று வந்து நின்றது.

"பக்கத்து வீட்டுப் பழைய காரும் நானும் ஒரே மாடல்தான் அண்ணே. அது லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் ஓடும். நான் இருபத்திரண்டு! அடுத்து வரப்போற என் தம்பி முப்பது ஓடுவானாம்!" என்று கார் பீற்றிக்கொண்டது.

பம்ப் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தது. வருஷா வருஷம் இவர்கள் இப்படிக் குடியைக் குறைத்துக்கொண்டே போனால் நம் பிழைப்பு என்னாவது?

மூன்றாம் நாளே அந்தக் கார் திரும்பி வந்தது.

"என்ன தம்பி, அதுக்குள்ளயா?"

"ஏன் கேக்குறீங்க! இவ்வளவு மைலேஜ் தர்ற வண்டி சும்மா நிக்கலாமான்னு, தெருமுனையில கொத்தமல்லி வாங்கக்கூட எங்க முதலாளி என்னைத்தான் எடுக்கிறார். காலைல நடைப்பயிற்சிக்குப் பார்க் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விடுறேன்."

"அந்தப் பழைய கார்? ஆளையே காணோமே?"

"அது குடிக்கிற குடிக்குப் பயந்து, அந்த வீட்டுல எல்லாரும் நடந்தே போறாங்க."

பம்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டேங்கை வழிய வழிய நிரப்பிவிட்டு, ஆசையாய்க் கேட்டது:

"ஆமா, முப்பது ஓடுற உன் தம்பி எப்போ வர்றான்?"