பதினேழாவது ஜோடி

“ஆன்லைன் வகுப்புல நான் ஒரு சுரத்தை இழுத்துப் பிடிச்சா, பிள்ளைங்க ஸ்கிரீன்ல வாயைப் பிளந்தபடி அப்படியே நிக்கிறேனாம். பல் டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்குன்னு சிரிக்குதுங்க!” பாட்டு டீச்சர் மோடத்தை முறைத்தார். “இன்னிக்கு வேகம் வரலைன்னா மறுபடியும் புகார்தான்.”

டெலிபோன் லைன்மேன் மோடத்தைக் கழற்றி மறுபடி மாட்டினான். இன்னும் ஒரு புகார் வந்தால் மாற்றல் என்று இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் வேலை எல்லாம் இந்த ஊரில்தான்.

“செப்புக் கம்பி, டீச்சர். முப்பது வருஷமா மண்ணுக்குள்ள தண்ணி குடிச்சுக் கிடக்கு. இவ்வளவுதான் தரும்.”

“எதிர்வீட்டு வக்கீலுக்கு மட்டும் எப்படிப் பறக்குது?”

அதை எப்படிச் சொல்வான்? வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி. போன மாதம் இந்தக் கெட்ட ஜோடி வக்கீல் வீட்டில் இருந்தது. நோட்டீஸ் விடுவேன் என்று அவர் குதித்ததும், கழற்றி டீச்சர் தலையில் கட்டியவன் இவனேதான். அதற்கு முன்னால் தையல்காரர் வீட்டில். ஒற்றைச் சனியன் தெருவையே சுற்றி வந்து அவன் உயிரை வாங்கியது.

எல்லா வீட்டுக் கம்பிகளும் வந்து சேரும் தெருமுனைப் பெட்டியைத் திறந்தான். பெயர்ச் சீட்டுகள் மழையில் எப்போதோ அழிந்திருந்தன. கையிலிருந்த புகார்ப் பட்டியலைப் புரட்டினான். பதினேழாவது ஜோடி! பத்து வருஷத்தில் அதன்மேல் ஒரு புகார்கூட இல்லை.

யாரோ வாயில்லாப் பூச்சி. பாவம்தான், மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று டீச்சரின் கெட்ட ஜோடியையும் அதையும் மாற்றிப் போட்டான்.

பத்தே நிமிஷத்தில் டீச்சர் போன் செய்தார். “தம்பி, பறக்குதுப்பா! நீ நல்லா இருக்கணும்!”

ஒரு வாரம் போனது. புகார் இல்லை. பதினேழாவது ஜோடியும் மூச்சு விடவில்லை. இரண்டாவது வாரம் இன்ஜினியர் கூப்பிட்டனுப்ப, மாற்றல் உத்தரவுதான் என்று நினைத்துக்கொண்டே போனான்.

“வாய்யா! இந்தத் தெருன்னு இல்ல, ஊரிலேயே பத்து நாளா ஒரு புகார் இல்லை. என்னய்யா மாயம் பண்ணினே?” இன்ஜினியர் எழுந்து கை குலுக்கினார். “இனிமே உன்னை இங்கேயிருந்து யாரும் அசைக்க முடியாது.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“சார், அந்தத் தெருவிலே இருக்கிற நம்ம புகார்ப் பிரிவிலேருந்து வரேன். பத்து நாளா எங்க பதினேழாவது ஜோடி செத்துக் கிடக்கு, ஊர்க்காரங்க கொடுக்கிற ஒரு புகாரும் உள்ளே வரமாட்டேங்குது!”