டெஸ்மண்ட் வாங்கி வந்த கலவைப் பெட்டி

போர்ட்லண்டில் மழை விட்ட சனிக்கிழமை பிற்பகல். காதலி இங்கிரிட்டின் அப்பா கோர்டியை டெஸ்மண்ட் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். கொல்லைப்புற மேசையில் அவன் வைத்த பீர் பெட்டியில் பன்னிரண்டு கேன், ஆறு ருசி. "உங்களுக்கு எது பிடிக்கும்னு தெரியலை சார், அதான் கலந்து வாங்கினேன்." முப்பது வருஷமாக ஒரே பீரைக் குடிக்கும் கோர்டி, குளிரில் வியர்த்த கேன்களைப் புரட்டுகிறார். "விக்காததைக் கடைக்காரன் நம்ம தலையில கட்டுற வேலை இது, தம்பி." டெஸ்மண்டின் முகம் சுண்டுகிறது. கோர்டி திறந்த முதல் கேன் கசப்பு. இரண்டாவதில் காப்பி வாசம். அதைப் புல்லில் கொட்டுகிறார். பீரையே தொடாத அவர் மனைவி லோரெய்ன், நிறத்தில் மயங்கி ஊதாக் கேன் ஒன்றைத் திறக்கிறாள். பழப் புளிப்பில் மூக்கு சுருங்குகிறது, கண் மூடுகிறது, மறுபடி குடிக்கிறாள். "அட, இது நல்லாருக்கே!" கோர்டி கை நீட்டுகிறார். "குடு, நானும் பார்க்கிறேன்." "போய்யா, இது என்னுது!" அவள் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கோர்டி தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, பெட்டியிலிருந்து இன்னொரு கேனை எடுத்து அவள் கேனில் மெல்ல இடிக்கிறார். "முப்பது வருஷமா நான் தனியாத்தான் குடிச்சிட்டிருந்தேன், தம்பி. உட்காரு."