வால் கனத்த பெட்டி

உழவு இயந்திரத்தின் பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டி பாம்பாய் நெளிகிறது. ஷெல் வீச்சுக்குப் பயந்து திரியாயிலிருந்து திருகோணமலைக்கு ஓடும் குடும்பத்தின் நெல்மூட்டைகளெல்லாம் பெட்டியின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் வெறும் பாயும் தலையணையும். மேலே, குழந்தையை இறுக்கியபடி தங்கரத்தினம். "மூட்டையளை முன்னுக்கு ஏத்தச் சொன்னனான்தானே!" என்று கத்துகிறாள். "சென்றியில ஆமிக்காரன் மறிச்சுச் சோதிக்க இறக்கச் சொன்னால் உன்ர கொப்பரோ வந்து இறக்குவார்? பின்னுக்கு இருந்தால்தான் லேசு. வேகம் குடுத்தால் ஆட்டம் நிண்டிடும்," என்று வேகமிதியை மிதிக்கிறான் இயந்திரம் ஓட்டும் புருஷன் குலசிங்கம். பெட்டியின் ஒரு சில்லு தரையை விட்டு எழும்பி விழுகிறது. அவள் போட்ட கூச்சலில் இயந்திரம் நிற்கிறது. குழந்தையோடு குதித்து இறங்குகிறாள். "நீங்கள் நெல்லைக் கொண்டுவாங்கோ. பிள்ளையை நான் கொண்டுபோறன்." புருஷனின் மூஞ்சியைத் திரும்பியும் பாராமல் தார் வீதியில் நடக்கிறாள். அவளை முந்தத் துணியாமல் பின்னால் ஊர்கிறது இயந்திரம். பெட்டி இப்போது ஆடவில்லை.