நூற்றுப் பதினேழாம் பக்கத்துச் சந்தேகம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகத்தின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், முன்பு படித்தவர்கள் விட்டுப்போன சந்தேகங்கள் அவரவர் குரலிலேயே கேட்கும். யாராவது பதில் பேசிவிட்டால் சந்தேகம் அழிந்து, பதில் மட்டும் நிற்கும்.

இங்கே படித்த ஷெர்லின் விபத்தில் இறந்து இரண்டு வருஷமாகிறது. அவள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வந்து அவள் சந்தேகம் விட்டுப்போன வெப்பவியல் புத்தகத்தை ஸ்கேன் செய்வார்.

"நூத்திப் பதினேழாம் பக்கம் சுத்தமாப் புரியல. யாராச்சும் சொல்லுங்களேன், ப்ளீஸ்."

அதற்காகவே அதை யாருக்கும் கொடுக்காமல் என் மேஜையடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

பாவி, நேற்று லீவு போட்டேன். எனக்குப் பதிலாக இருந்தவர் ஒரு மாணவனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இன்று ஸ்கேன் செய்தபோது அவன் குரல் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தது. அம்மா கடைசிவரை கேட்டார்.

"சார், இப்படிச் சொன்னா அவளுக்குப் புரிஞ்சிருக்கும், இல்ல?"