இருநூற்று நாற்பத்தெட்டு

"இந்த நாலு பேரை அடிச்சுடறேன்" என்றார் அதிகாரி குருமூர்த்தி.

ராஜாத்தி பட்டியலை எட்டிப் பார்த்தாள். முனிவேல், திம்மராயன், ராமப்பன், ஆனந்த். நாலு பெயர்கள் மீதும் சிவப்புக் கோடு.

"எதுக்குங்க சார்?"

"ஓசூர்ல கம்பெனி வேலை. அங்கேயே ரூம். வாரத்துல ஒரு நாள் வந்து போறவங்களை இந்த ஊர் ஆளுன்னு எழுத முடியாது."

நாட்றாம்பாளையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் அத்திக்கல். ராஜாத்தி அந்த ஊர் வார்டு மெம்பர். இருநூற்றைம்பது பேர் இருந்தால் சாலை என்று கடிதம் வந்திருந்தது. தலை எண்ண இன்று அதிகாரியே வந்திருந்தார். வந்ததிலிருந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஊர்தான் அவர் முன்னால் வந்து நின்று பெயர் சொல்லிவிட்டுப் போனது.

"அடிச்சா எத்தனை வருது?"

"இருநூத்தி நாப்பத்தெட்டு."

"ரெண்டு தலை குறையுதுன்னு ரோடு இல்லையா?"

"விதிம்மா. நான் என்ன பண்றது?"

"கீழ இருக்கற ஊருங்களுக்குக் கம்பெனி பஸ் வருது. காலையில ஏறிப் போறாங்க, ராத்திரி வந்துடறாங்க. அவங்க ஊர் ஆளுங்க. எங்க ஆளுங்க தினம் ஒன்பது கிலோமீட்டர் இறங்கி ஏற முடியாம ரூம் எடுத்தாங்க. ரோடு இல்லாததாலதான் சார் போனாங்க. போனதால ரோடு இல்லைன்னா எப்படி?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை."

"ஓட்டு இங்கதான் இருக்கு. தேர்தலுக்குக் கழுதை மேல மெஷினை ஏத்திக்கிட்டு வர்றீங்க. ஓட்டு வேணும்னா இந்த ஊரு, ரோடு கேட்டா ஓசூரா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

வாசலில் பெண்களோடு நின்ற மணிமேகலை சொன்னாள்: "கழுதைங்களையாவது எண்ணச் சொல்லு ராஜாத்தி. அதுங்க ரூம் எடுத்துக்கிட்டுப் போகலை."

"அதுங்களும் இல்லையேக்கா. ரேஷன் அரிசிக்குக் கீழ போயிருக்கு. நாளைக்குத்தான் வரும்."

பெண்கள் சிரித்தார்கள். அதிகாரியின் முகம் சுருங்கியது.

"இதோ பாரும்மா, நான் கண்ணால பார்க்காத ஆளை எழுத மாட்டேன்."

"காலையில பார்த்தீங்க சார்."

"யாரும் வந்து பெயர் சொல்லலையே."

"கொல்லையில களை எடுக்கறாங்க. அவங்களுக்கு இந்த ஒரு நாள்தானே. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். வந்து நின்னாலும் பதில் இதுதான்."

அவர் அடியில் எழுதினார். மேற்கண்ட நால்வரும் இவ்வூரில் இல்லை. மொத்தம் 248. சாலைக்குத் தகுதி இல்லை. கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நீட்டினார்.

"மெம்பர் கையெழுத்தும் வேணும்."

"போடலைன்னா?"

"போடலைன்னாலும் இதுதான் போகும். மறுத்துட்டீங்கன்னு ஒரு வரி சேர்த்து எழுதுவேன்."

ராஜாத்தி மூன்று வரியையும் நிதானமாகப் படித்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வாசலில் யாரும் சிரிக்கவில்லை.

"நல்லது. இருட்டறதுக்குள்ள கீழ இறங்கி நான் ஆஸ்பத்திரி போகணும். ஆளுங்களைக் கூப்பிடு."

"எந்த ஆளுங்க சார்?"

அதிகாரி போர்வையை விலக்கினார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்த வலது கால் தொடை வரை வீங்கியிருந்தது.

"காலையில நான் பாறையில வழுக்கி விழுந்தப்போ கம்புல தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்தாங்களே, அந்த நாலு பேர்."

ராஜாத்தி பட்டியலைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"முனிவேல், திம்மராயன், ராமப்பன், ஆனந்த். அவங்க இந்த ஊர்ல இல்லீங்களே சார்."